ஆறடிக்கு மூன்றடி

அஸாம் அறைக்குள் படுத்துப் பதினொரு மாதம் ஆகியிருந்தது.

சாப்பிட எழும்புவான். தொழ எழும்புவான். கிளினிக் நாளில் மனைவி ஸல்ஹா கூட்டிக்கொண்டு போக, பஸ் ஏறித் திருகோணமலைக்குப் போவான். கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறியதும் ஒரு பக்கம் கடல் தெரியும். அவன் மற்றப் பக்கம் திரும்புவான். அங்கேயும் தண்ணீர்தான். பிறகு கண்ணை மூடிக்கொள்வான்.

அதற்கு முன் அவன் துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு கட்டுகிற கூட்டத்தில் இருந்தான். கப்பல் ஜெட்டியை அணையும்போது மேலிருந்து இறங்கும் வடத்தை வாங்கி இரும்புக் குற்றியில் மாட்டுகிற வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை வடம் இறுகிக்கொண்டிருந்த நேரம் அவனுடைய ஃபோன் அடித்தது. "கொஞ்சம் பாத்துக்கொள்ளு" என்று பக்கத்தில் நின்ற கிருஷாந்திடம் சொல்லிவிட்டு நாலடி தள்ளிப் போனான். வடம் அறுந்தது. அறுந்து வருகிற வடம் கண்ணுக்குத் தெரியாது என்று பிறகு டொக்டரிடம் சொன்னான். சத்தம் மட்டும்தான் கேட்டதாம். அவன் திரும்பிப் பார்த்தபோது கிருஷாந்த் நின்ற இடம் வெறுமையாக இருந்தது.

ஃபோனில் கூப்பிட்டது ஸல்ஹா. வரும்போது ஒரு பால்மாப் பைக்கட் வாங்கி வரச் சொல்ல எடுத்தாள்.

இதை அவன் டொக்டரிடம்கூடச் சொல்லவில்லை. அவளும் யாரிடமும் சொல்லவில்லை. அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கும்போது அந்த முதுகை அவள் பார்ப்பாள். பிறகு குசினிக்குப் போய் இடியப்பத்துக்கு மா குழைப்பாள். விடியற்காலையில் மூன்று கடைகளுக்கு இடியப்பம் கொடுக்க வேண்டியிருந்தது.

வீடு அவளுடையது. கல்யாணத்துக்கு அவளுடைய வாப்பா ஸைனுலாப்தீன் கட்டிக் கொடுத்தது. உம்மா மௌத்தான பிறகு வாப்பாவும் இங்கேதான் இருந்தார். பிள்ளைகள் இல்லை. பாலம் வருவதற்கு முன்னால், ஆட்களையும் வண்டிகளையும் அக்கரைக்கு ஏற்றிய பாதையில், அந்த மிதவைப் படகில், கயிறு இழுத்தவர் அவர். இப்போது நெஞ்சு முழுக்கச் சளி. மூச்சு விடுவதே அவருக்கு முழுநேர வேலையாகிவிட்டது. மிச்சமாகிற மூச்சில் கதைத்துக்கொண்டிருப்பார்.

ஜூலை மாதம் அவருடைய கதிரையின் கால் உடைந்தது. அவர் விழவில்லை. ஒரு பக்கம் சரிந்து சுவரோடு சாய்ந்துகொண்டு கூப்பிட்டார்.

"மருமகன்! இஞ்ச ஒருக்கா வாங்க. நான் அரைவாசி விழுந்திட்டன். மிச்சத்த நீங்க வந்து பாருங்க."

ஸல்ஹா குசினியிலிருந்து ஓடி வந்தபோது அஸாம் ஏற்கெனவே வந்திருந்தான். வாப்பாவைத் தூக்கிப் பாயில் இருத்தினான். உடைந்த காலைக் கையில் எடுத்துப் பார்த்தான். ஆணி எடுத்து அடித்தான். கால் நெடுக்காகப் பிளந்தது. பிளந்த இடத்தைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று பின்னேரம் அவன் ஃபோனைத் தேடினான். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு ஃபோனைத் தொடாதவன். அடிக்கும் சத்தத்தை நிறுத்திவிட்டு, மரவேலை வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினான். எந்த நாட்டுக்காரரோ என்ன பாஷையோ தெரியாது. கையை மட்டும் பார்த்தான்.

பத்து நாளைக்குப் பிறகு சொன்னான்: "முதல்ல ஒரு வேலை மேசை செய்யணும்."

"வாப்பாட கதிரையச் செய்யுங்களன் முதல்ல" என்றாள் ஸல்ஹா.

"மேசை இல்லாம ஒண்டும் செய்ய ஏலாது. மரத்தப் பிடிச்சு வெக்க இடம் வேணும். அசையாம இரிக்கணும்."

வாப்பா பாயிலிருந்து கேட்டார். "அப்ப அந்த மேசைய எதுக்கு மேல வெச்சுச் செய்வீங்க?"

அஸாம் யோசித்தான். "தரையிலதான்."

"மேசை செய்யிறதுக்கு ஒரு மேசை இல்லயே மருமகன். பெரிய கஷ்டம்."

பலகை கொண்டு வந்தது தவராசா. கப்பல்துறை என்ற ஊரில் வீடு, துறைமுகத்தில் அஸாமோடு வேலை செய்தவர். கப்பலில் சரக்குக்கு அடியில் போட்டு வருகிற வெளிநாட்டுப் பலகை, துறைமுகம் கழித்து ஏலத்தில் விட்டது, அவருடைய வளவில் கிடந்தது. லேண்ட்மாஸ்டர் உழவு மெஷின் பெட்டியில் ஏற்றி, நீல நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார்.

"அவிழு மச்சான்" என்று இறங்கிக்கொண்டே சொன்னார்.

அஸாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

தவராசா தானே போய் அவிழ்த்தார். கயிற்றைச் சுருட்டி வேலியில் போட்டார். தேத்தண்ணி குடிக்கும்போது ஸல்ஹாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சி, அவன் என்னத்தச் செய்தாலும் செய்யட்டும். குறுக்க கதைக்காதீங்கோ. கொட்டில் மாதிரி வந்தாலும் நல்லாயிருக்கெண்டு சொல்லுங்கோ."

"வாப்பாவ என்ன செய்றது அண்ணன்?"

தவராசா சிரித்தார். "அவர் கதைக்கட்டும். அவர்தான் உங்கட வீட்டு ரேடியோ."

வீட்டின் பக்கவாட்டில் தகரம் போட்ட பத்தி இருந்தது. மணல் தரை. அஸாம் அங்கே தொடங்கினான். பட்டணத்துச் சந்தையில் பழைய சாமான் விற்பவரிடம் ஒரு மரமறுக்கும் வாள், ஒரு சீவுளி, ஒரு மூலைமட்டம். ஸல்ஹாவின் துணி தோய்க்கும் கல்தான் மேசை. கல்லின் மேல் பலகையை வைத்து, ஒரு காலால் மிதித்துக்கொண்டு சீவுவான். பலகை வழுக்கி ஓடும். எடுத்து வந்து மறுபடி வைப்பான்.

சீவிய மரத்துக்கு ஒரு வாசனை இருந்தது. இந்த ஊரில் இல்லாத வாசனை. ஸல்ஹா சுருள்களைப் பொறுக்கி அடுப்பு மூட்டினாள். இடியப்பத்தில் அந்த வாசனை ஏறிவிட்டதென்று ஒரு கடைக்காரர் குறைசொன்னார்.

பக்கத்து வீட்டுப் பல்கீஸ் வேலிக்கு மேலால் பார்த்தாள்.

"என்ன புள்ள, உண்ட மாப்பிள தச்சு வேலைக்குப் போகப் போறாரா?"

"இல்ல. சும்மா செய்றார்."

"சும்மாவா? ஒரு ஆம்பிள காலம்பிறயிலயிருந்து அசர் வரைக்கும் சும்மா மரஞ் சீவுறாரா?"

"ஓம். சும்மாதான்."

"என்ட மாப்பிளயும் சும்மாதான் இரிக்கிறார். ஒரு விறகாவது கொத்தித் தாராரா எண்டு கேளு."

சிரித்துவிட்டுப் போனாள். ஸல்ஹா அன்று இரண்டு முட்டை கூடப் பொரித்தாள். அவன் இரண்டையும் சாப்பிட்டான்.

அவன் நித்திரை கொள்ளத் தொடங்கியிருந்தான். அதை அவள் எண்ணிக்கொண்டு வந்தாள். முதலில் மூன்று மணித்தியாலம். பிறகு நாலரை. ஒரு நாள் சுபஹுத் தொழுகைக்கு அவள்தான் எழுப்ப வேண்டியிருந்தது. மேசை முடியக்கூடாது என்று ஒரு எண்ணம் வந்தது. முடிந்தால் என்ன செய்வான்? பிறகு நினைத்தாள், மேசை முடிந்தால் அதன் மேல் கதிரை. கதிரைக்குப் பிறகு வேறு ஏதாவது. மேசை இருந்தால் போதும்.

மேல்தட்டுக்கு நாலு பலகை. நாலையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்ட வேண்டும். இரண்டு விளிம்பையும் பொருத்தி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பான். நடுவே வெளிச்சம் தெரிந்தால் மறுபடி சீவல். வாப்பா இரவல் வாங்கிய சாக்குக் கதிரையில் பத்தி வாசலில் இருந்துகொண்டு கேட்பார்.

"வெளிச்சம் வருதா?"

"வருது மாமா."

"எந்தப் பக்கம்?"

"உங்கட பக்கம்."

"அப்ப இன்னும் கொஞ்சம் சீவுங்க. எனக்கு வெயில் ஏலாது."

மூன்று கிழமை இப்படிப் போனது. வெளிச்சம் வராமல் போன நாள் அவன் வெள்ளைப் பசை வாங்கி வந்தான். வீடியோவில் இறுக்குவதற்கு நீள நீளமான இரும்புப் பிடிகள் இருந்தன. இவனிடம் இல்லை. பலகைகளைச் சுற்றி நடந்தான். பிறகு வேலியடிக்குப் போனான்.

வேலியில் தவராசா போட்ட நீலக் கயிறு அப்படியே கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஸல்ஹா குசினி யன்னலால் பார்த்தாள். கூப்பிடக்கூடாது என்று நினைத்தாள். எதற்காகவும் இனி கூப்பிடக்கூடாது.

அவன் கயிற்றை எடுத்தான்.

பலகைகளைச் சுற்றி மூன்று இடத்தில் இரட்டையாகக் கயிறு போட்டு, கயிற்றின் நடுவே தடி கொடுத்து முறுக்கினால் இறுகும். அவனுடைய கைக்கு முடிச்சு மறக்கவில்லை. தடியைக் கையில் எடுத்ததும் நிமிர்ந்தான்.

"ஸல்ஹா, அங்கயே நில்லு. இஞ்சால வராத. மாமா, நீங்க எழும்பி உள்ள போங்க. கயிறு இறுகுற நேரம் அதுக்கு நேர ஒருத்தரும் நிக்கப்படாது."

"நான் நிக்கல்ல மருமகன். இரிக்கிறன்."

"பகிடி விடாதீங்க மாமா."

"நான் இழுக்காத கயிறா? பாதையில முப்பது வருஷம்..."

"எழும்புங்க!"

அந்தச் சத்தம் அந்த வீட்டில் ஒருபோதும் கேட்டதில்லை. வாப்பா எழும்பப் பார்த்தார். மூச்சு இடம் கொடுக்கவில்லை. அஸாம் தடியைப் போட்டுவிட்டு வந்தான். கதிரையோடு சேர்த்து அவரைத் தூக்கினான். பத்தி மூலைக்குக் கொண்டுபோய், கயிற்றின் நேர்கோட்டுக்கு வெளியே, மெதுவாக இறக்கி வைத்தான். திரும்பிப் பார்த்தான். போதாதென்று இன்னும் இரண்டடி தூக்கி வைத்தான்.

"இவ்வளவு பத்திரமா நான் ஒருத்தரையும் அக்கரைக்குக் கொண்டுபோனதில்ல" என்றார் வாப்பா.

அஸாம் தடியை முறுக்கினான். நைலோன் முனகியது. நாலு பலகைகளின் இடுக்கிலும் வெள்ளைப் பசை பிதுங்கி வெளியே வந்தது. மூன்று கயிற்றையும் இறுக்கிவிட்டு, பக்கவாட்டில் தள்ளி மணலில் குந்தினான். அசர் வரைக்கும் அங்கேயே குந்தியிருந்தான். ஒரு கயிறும் அறுந்து போகவில்லை.

அடுத்த நாள் அவிழ்த்தபோது நாலு பலகையும் ஒரே பலகையாக இருந்தன. வாப்பா ஒரு இரண்டு ரூபாய் நாணயத்தை எடுத்து ஒட்டுகளின் மேல் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். எங்கும் இறங்கவில்லை.

ஆனால் ஒரு பிழை இருந்தது. நாலு பலகை வந்தது என்பதற்காக நாலையும் ஒட்டியிருந்தான். நீளம் ஆறடி. அகலம் மூன்றடி. கால்களில் பொருத்தி, அடியிலிருந்து பன்னிரண்டு திருகாணி போட்டு நிமிர்த்தியபோதுதான் தெரிந்தது. ஒரு பக்கம் நின்றால் மறு பக்கத்துக்குக் கை எட்டவில்லை. ஒரு காலும் கட்டை. தொட்டால் டக்கென்று ஆடியது.

வாப்பா சுற்றிப் பார்த்தார்.

"மருமகன், இது மேசையா கட்டிலா? இதுல நான் படுத்தா எனக்குப் பக்கத்துல உங்கட மாமி மௌத்தாகாம இருந்தா அவளும் படுக்கலாம்."

அஸாம் சிரித்தான்.

குசினியில் ஸல்ஹாவின் கை மாவுக்குள் அப்படியே நின்றது. திரும்ப ஒருமுறை கேட்குமா என்று பார்த்தாள். கேட்டது. வாப்பா மேசையை ஆட்டி ஆட்டி, "டக், டக், ஆர் தட்டுறது? உள்ள வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அது ஒக்டோபர் கடைசி.

நவம்பர் முடிகிற கிழமை மூன்று நாள் விடாமல் காற்றும் மழையும். கரண்ட் போனது. ஃபோன் போனது. ஆறு பெருகி, உப்பாற்றுப் பக்கத்தால் தண்ணீர் ஒழுங்கைக்குள் வந்தது. முதலில் மண்ணிறமாக முற்றத்தில் நின்றது. பிறகு படியில். வியாழக்கிழமை பகல் வீட்டுக்குள் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. பத்தியில் துணி தோய்க்கும் கல் மூடுண்டது.

அஸாமும் பல்கீஸின் மாப்பிள்ளையும் மேசையைத் தூக்கி மண்டபத்துக்குள் வைத்தார்கள். வாப்பாவின் கட்டில் தாழ்வானது. தண்ணீர் மெத்தையைத் தொட்டுவிட்டது. அவரை மேசையின் மேல் கிடத்தினார்கள். ஆறடிக்கு மூன்றடி. அவருக்கு அளவாக இருந்தது. பக்கத்தில் அரிசிப் பானையும் குர்ஆனும் மருந்துப் பையும் வைக்கவும் இடம் இருந்தது.

அவர் மூச்சு இழுக்கும்போதெல்லாம் கட்டைக் கால் டக்கென்றது. அஸாம் தண்ணீருக்குள் கையை விட்டு, ஒரு மரத் துண்டை ஆப்பாகச் சீவி, காலுக்குக் கீழே செருகினான்.

"இப்ப?" என்று கேட்டான்.

வாப்பா உடம்பை அசைத்துப் பார்த்தார். "இப்ப ஆடல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "நல்லாச் செஞ்சிருக்கிறீங்க மருமகன். கொஞ்சம் பெருசு. பரவாயில்ல."

கடற்படைப் படகு ஒன்று ஒழுங்கை வாய்க்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டார்கள். வாப்பா கையை ஆட்டி மறுத்தார். "எனக்குப் படகு வேணாம். நான் ஏறினா எல்லாரிட்டயும் டிக்கட் கேட்பன்." ஸல்ஹா கெஞ்சிப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

சாப்பாடு பிஸ்கட்டும், பால்மா கரைத்த சுடுதண்ணியும். கேஸ் முடிந்த பிறகு அதுவும் இல்லை. மேசையின் விளிம்பில் ஸல்ஹா கால் தொங்கப் போட்டு இருந்தாள். அஸாம் மற்ற விளிம்பில் இருந்தான். நடுவே வாப்பாவின் மூச்சு, தூரத்தில் மோட்டர் இழுப்பது போல. அந்த இரண்டு நாளும் அஸாம் அறைக்குள் போகவில்லை என்பதை அவள் கவனித்தாள். அறைக்குள் தண்ணீர், போக முடியாது என்பதும் தெரியும். இருந்தாலும் கவனித்தாள்.

சனிக்கிழமை தண்ணீர் வடிந்து கணுக்காலுக்கு இறங்கியது. சுபஹுக்குப் பிறகு, வெளிச்சம் வருகிற நேரம் வாப்பா மௌத்தானார். மூச்சு நின்றதை அவர்கள் உடனே அறியவில்லை. வீடு அமைதியாக இருந்தது. தண்ணீர் போய்விட்டதால் அமைதி என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒன்பது மணிக்குப் பள்ளிவாசலிலிருந்து நாலு பேர் சேற்றில் நடந்து வந்தார்கள். நிருவாகத்தில் இருக்கும் ஸஜ்ஜாத் முன்னால் வந்தார். மையித்தைக் குளிப்பாட்டுகிற தகர மேசையையும் கபன் துணியையும் கொண்டு வந்தார்கள். வாப்பாவை இறக்கினார்கள். குளிப்பாட்டிக் கபனிட்டு சந்தூக்குப் பெட்டியில் வைத்தார்கள். ஸல்ஹா முகம் பார்த்தாள். பல்கீஸ் அவளைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

ஸஜ்ஜாத் வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, மையவாடி மேட்டு நிலந்தான். கபுறு தோண்டியாச்சு. ஆனா பலகை இல்ல."

கபுறுக்குள் மையித்தை வைத்த பிறகு, அதன் மேல் மண் விழாமல் மூன்றடிப் பலகைகளைச் சாய்த்து அடுக்குவார்கள். பலகைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை இலையும் புல்லும் வைத்து அடைப்பார்கள். அதற்குப் பிறகுதான் மண். அதற்கான பலகைகள் மையவாடிக் கொட்டிலில் எப்போதும் அடுக்கியிருக்கும்.

"கொட்டிலோட போயிட்டு. பலகை விக்கிற மரக்காலையும் தண்ணிக்குள்ள. தம்பலகாமத்துக்குப் போக ரோட்டு இல்ல. நேத்து ஒரு மையித்துக்கு பள்ளி அலுமாரியக் கழட்டிப் போட்டம்." அவருடைய கண் மண்டபத்து நடுவில் நின்றது. "இது... அளவாயிரிக்கும்."

"அது ஏலாது" என்றாள் ஸல்ஹா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"கதவக் கழட்டுங்க. முன் கதவ எடுங்க. அறைக் கதவையும் எடுங்க."

ஸஜ்ஜாத் கதவைத் தட்டிப் பார்த்தார். இரண்டு நாள் தண்ணீரில் நின்ற பிளைவூட் ஊறிய பாண் துண்டு போல ஊதி, ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. அறைக் கதவும் அப்படித்தான். குசினிக்குத் தகரக் கதவு.

"இது மண்பாரம் தாங்காது தங்கச்சி."

"பனங்குத்தி வெட்டுங்க."

"வெட்டிப் பிளக்க ஒரு நாள் போகும். மையித்த வெச்சுக்கொண்டு இரிக்க ஏலாது."

பல்கீஸ் அவளுடைய தோளைப் பிடித்தாள். "என்ன கதை புள்ள இது? வாப்பாட மையித்துக்குத்தானே கேக்கிறாங்க. ஒரு மேசைக்காக..."

"தெரியும் ராத்தா. எனக்குத் தெரியும். அத மட்டும் கேக்காதீங்க." அவளுடைய குரல் மேலே போனது. "அத எடுத்தா அவர் திரும்பவும்..."

முடிக்கவில்லை. அஸாம் குசினி வாசலில் நின்றான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை. கையில் திருகாணிச் சாவி இருந்தது.

அவன் யாரையும் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில், சேற்றில் மல்லாந்து படுத்தான். திருகாணிகள் அதற்குள் துரு ஏறியிருந்தன. ஒவ்வொன்றும் கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. ஸல்ஹா பன்னிரண்டையும் எண்ணினாள்.

மேல்தட்டைத் தூக்கித் தரையில் போட்டார்கள். அஸாம் மூலைமட்டத்தை வைத்து நடுவில் பென்சில் கோடு கீறினான். சரியாக மூன்றடியில்.

"தாங்க தம்பி, நாங்க வெட்டுறம்" என்று ஒருவர் வாளுக்குக் கை நீட்டினார்.

"வேணாம்."

தரையில் முழங்காலிட்டு வெட்டத் தொடங்கினான். ஈரப் பலகை வாளைப் பிடித்துக்கொண்டது. தரை வழுக்கியது. ஒவ்வொரு இழுப்புக்கும் பலகை முன்னால் ஓடியது. எங்கே வைத்து வெட்டுவது? வைத்து வெட்டுகிற மேசையைத்தான் அவன் வெட்டிக்கொண்டிருந்தான். ஸல்ஹா எழும்பினாள். பல்கீஸ் பிடித்த கையை விலக்கிவிட்டு வந்தாள். பலகையின் மறு முனையில் இரண்டு முழங்காலையும் ஊன்றி, முழுப் பாரத்தையும் கொடுத்து அமர்ந்தாள். பலகை நின்றது.

அவன் வெட்டினான். வெள்ளைத் தூள் சேற்றில் விழுந்து உடனே கறுத்தது. அந்த வாசனை வந்தது. வாளின் ஓசையைத் தவிர வீட்டில் வேறு சத்தம் இல்லை. பாதிக்கு மேல் போனபோது வாள் கோட்டை விட்டுக் கோணியதை அவள் பார்த்தாள். அவனும் பார்த்தான். திருத்த முடியவில்லை. கடைசி வரைக்கும் அப்படியே போனது.

ஆளுக்கொரு துண்டாக இரண்டு பேர் தோளில் வைத்துக்கொண்டு போனார்கள். சந்தூக்கு முன்னால் போனது. சந்தூக்கின் ஒரு கொம்பை அஸாம் பிடித்திருந்தான். ஒழுங்கை முடக்கு வரைக்கும் ஸல்ஹாவுக்குத் தெரிந்தது. பிறகு கலிமாச் சத்தம் மட்டும். பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை.

அசர் நேரம் கழிந்து அவன் திரும்பி வந்தான். சாரன் தொடை வரைக்கும் சேறு. மேலில் சட்டை இல்லை. அவள் வாளியில் தண்ணீர் கொண்டு வந்து படியில் வைத்தாள்.

"சட்ட எங்க?"

அவன் ஒரு காலைக் கழுவினான். மற்றக் காலைக் கழுவினான்.

"நான்தான் உள்ள இறங்கி வெச்சனான். ரெண்டும் சரியாப் பொருந்திட்டு. நாலு பலகை ஒட்டின இடத்தில ஒரு நூல் இடைவெளி இல்ல. நடுவுல, வாள் கோணின இடத்தில மட்டும் ஒரு விரல் போற அளவு." நிறுத்தினான். "இலை தேடினாங்க. எல்லா இலையிலயும் சேறு. சட்டையக் கழட்டி மடிச்சு அடைச்சனான்."

"மண் விழுந்திச்சா?"

"இல்ல. ஒரு மண்ணும் விழாது."

வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அறைக்குள் போனான். அறையில் ஈரம் காயவில்லை. சேற்றின் மேல் பாயை விரித்தான். சுவர்ப் பக்கம் திரும்பினான்.

மூன்று நாள் பல்கீஸ் வீட்டிலிருந்து சோறும் பருப்பும் கட்டாக் கருவாடும் வந்தது. ஸல்ஹா பீங்கானை அறை வாசலில் வைத்தாள். அரைவாசி குறைந்திருக்கும். சில வேளை குறைந்திருக்காது. தவராசா வந்தார். வாசலில் நின்று "மச்சான்" என்றார். போகும்போது மண்டபத்தில் நின்ற நாலு காலையும் சட்டத்தையும் பார்த்தார்.

"பலகை இன்னும் கிடக்கு தங்கச்சி. கொண்டு வரட்டா?"

"அவர் கேக்கட்டும் அண்ணன்" என்றாள்.

நாலாம் நாள் வெயில் வந்தது. ஊரெல்லாம் மெத்தைகளையும் பாடப் புத்தகங்களையும் வேலியில் காயப் போட்டிருந்தார்கள். ஸல்ஹா தும்புத்தடியால் மண்டபத்தின் சேற்றை உரசிக் கழுவினாள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு அவளுடைய முழங்காலுக்குக் கீழே ஒரே மட்டமாக ஓடியது. தும்புத்தடி சட்டத்தின் காலில் பட்டது.

டக்.

அவள் நிமிர்ந்தாள். ஆப்பு கழன்று போயிருந்தது. மேலே ஒன்றும் இல்லாத சட்டம் கட்டைக் காலில் ஆடி நின்றது.

அறைக்குள் சத்தமில்லை. அந்த முதுகு அவள் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. அவனைக் கூப்பிட வாய் திறந்தாள். ஜெட்டி நினைவு வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

தும்புத்தடியைச் சுவரில் சாய்த்தாள். சட்டத்தின் மேல் கையை வைத்தாள். மெதுவாக அழுத்தினாள்.

டக்.

காத்திருந்தாள். வெளியே பல்கீஸ் யாரையோ ஏசிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அறைக்குள்ளிருந்து, சுவரைப் பார்த்தபடியே, குரல் வந்தது. கரகரத்திருந்தது.

"குசினிப் பக்கத்துக் கால்."

"ஓம்" என்றாள்.

"ஆப்பு எங்க?"

"தண்ணியோட போயிருக்கும்."

பாய் அசைகிற சத்தம் கேட்குமா என்று நின்றாள். கேட்கவில்லை. சேறு காய்ந்து கையில் இறுகிக்கொண்டு வந்தது. வெயில் வாசலைத் தாண்டி உள்ளே ஓரடி வந்திருந்தது.

அவள் திரும்பவும் அழுத்தினாள்.